தீயணைப்போரின் உயிரும் உடல்நலமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் தீயணைப்போரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளும், காக்களூர்த் தொழிற்பேட்டையும், எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தின் எண்ணெய்க் கிடங்குகளும் மின் நிலையங்களும் சூழ்ந்த மாவட்டம் நம்முடையது. நம் இளைஞர் இரு வழிகளில் தீயை எதிர்கொள்கின்றனர். பத்தாம் வகுப்புத் தேறி, சீருடைப் பணியாளர் தேர்வெழுதித் தீயணைப்போராகச் சேர்வோர் ஒரு சாரார். ஒப்பந்தத் தொழிலாளராய் ஆலைக்குள் சென்று, தீப்பற்றிய கணத்தில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு முதலில் ஓடுவோர் மற்றொரு சாரார். முன்னவருக்குச் சீருடையும் பயிற்சியும் உண்டு; பின்னவருக்குப் பெரும்பாலும் அவையும் இல்லை. இருவரும் வீடு திரும்ப வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள் என்பதை நம் குழந்தையும் அறியும். அதே நாள் இந்திய நாடு முழுவதும் தீயணைப்போர் நினைவு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் 'போர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பலில் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளோடு ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் அதில் இருந்தது. வெடிபொருள் உண்டு என்று எச்சரிக்கும் செங்கொடி அக்கப்பலில் பறக்கவில்லை. நீர் பாய்ச்சச் சென்ற தீயணைப்போரில் 66 பேர் மாண்டனர். அந்நாளில் அண்ணலுக்கு 53 வயது நிறைந்தது; வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் பணியாற்றிய காலம் அது. இரு நிகழ்வுகளும் ஒரு நாளில் அமைந்தது தற்செயலே. ஆயினும் அத்தற்செயல் நமக்கு ஒரு பாடத்தை நினைவூட்டுகிறது: தீக்குள் செல்பவனுக்கு முதலில் வேண்டுவது துணிவன்று, உள்ளே என்ன இருக்கிறது என்னும் அறிவு.

தமிழ்நாட்டின் அண்மைக்கால இழப்புகளும் இதையே கூறுகின்றன. 2012 சனவரியில் சென்னை எழிலகத்தின் பழம்பெருங் கட்டடமான கலச மகாலில் தீயணைக்கச் சென்ற அன்பழகன் உயிர் நீத்தார். கோட்ட அலுவலர் பிரியா இரவிச்சந்திரன் கடுந்தீக்காயமுற்றார். 2017 சூலையில் சென்னை கொடுங்கையூரில் பேக்கரி ஒன்றில் எரிவாயு உருளை வெடித்துத் தீயணைப்போர் ஒருவர் மாண்டார், பலர் காயமுற்றனர். 2020 நவம்பர் 14, தீபாவளி நாளில், மதுரைத் தெற்கு மாசி வீதிப் பகுதியில் துணிக்கடை எரிந்தபோது பழைய கட்டடம் இடிந்து சிவராசன், கிருட்டிணமூர்த்தி என்னும் இருவர் மடிந்தனர். இவர்கள் துணிவில் குறைந்தவர்கள் அல்லர். சுவரின் வலுவையும், உருளை இருக்கும் இடத்தையும் வெளியிலிருந்தே கண்டறிந்து சொல்லும் ஏற்பாடுதான் வலுப்பெற வேண்டும்.

இனி நம் மாவட்டத்தைப் பார்ப்போம். 2024 மே இறுதியில் காக்களூர்த் தொழிற்பேட்டையில் பெயின்ட் ஆலை எரிந்து உயிர்கள் போயின. அவ்வாண்டு அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் விரைவு ரயில் சரக்கு ரயிலில் மோதிப் பெட்டி தீப்பற்றியது. 2025 சூலை 13 விடியற்காலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு 18 டாங்கர்கள் எரிந்தன. பல மணி நேரம் தீயணைப்போர் அவ்வெப்பத்தில் நின்று போராடினர். பெயின்டுக்கும் டீசலுக்கும் நுரை வேண்டும். வெறும் நீர் எண்ணெயைப் பரப்பிவிடும். உருகிய இரும்பின்மேல் நீர் சிறிது அடைபட்டாலும் அது ஆவியாகி வெடிக்கும். ஆதலால் உருக்காலையின் வரைபடமும், இருப்பிலுள்ள பொருள்களின் பட்டியலும் வாயிலிலேயே இருத்தல் வேண்டும். 1984 போபால் துயரத்திற்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான பொருள்களைப் பற்றிய செய்தியைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் வெளிப்படுத்தும் கடமை ஆலை நடத்துவோர்மீது சுமத்தப்பட்டது. அச்செய்தியைக் கேட்டுப் பெறும் பழக்கம் நம்மிடையே வளர வேண்டும்.

தீயைவிடப் புகை கொடியது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். மெத்தை நுரை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு, மின்கம்பியின் பி.வி.சி. உறை எரிந்தால் நுரையீரலை அரிக்கும் அமில வாயு. மூச்சுக் கருவியின் காற்றுருளை கடும் உழைப்பில் அரைமணி நேரத்தை ஒட்டியே தாங்கும். காற்றுக் குறைந்ததென ஊதல் ஒலித்தால் எப்பணியையும் விட்டு வெளியேற வேண்டும். தீ அணைந்த பின்னும் சாம்பலைக் கிளறும்போது நச்சு எழும். அப்போதுதான் பலர் முகமூடியைக் கழற்றுகின்றனர்!

2022இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் அறிஞர் குழு, தீயணைக்கும் தொழிலே புற்றுநோய் விளைவிப்பது எனத் தீர்மானித்து, முதல் தரப் பட்டியலில் சேர்த்தது. நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமாவுக்கும், சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் போதிய சான்று உண்டென்றது. முன்னதற்கு முதன்மைக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் இழை. நம் ஊரிலும் ஆலைகளிலும் கூரையாய்க் கிடக்கும் அத்தகடு தீயில் வெடித்துச் சிதறும்போது அவ்விழை காற்றில் கலக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பணி முடிந்த பின்னும் பாதுகாப்பு முடிவதில்லை. கரிபடிந்த உடையைக் களத்திலேயே நீரூற்றிக் கழுவ வேண்டும். வீட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. கழுத்தும் தாடையும் கைகளும் நஞ்சை உறிஞ்சும் இடங்கள். ஒரு மணி நேரத்திற்குள் சோப்பிட்டுக் குளிக்க வேண்டும். பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலையில் வேலை செய்வோருக்கும் இதுவே விதி. சட்டையில் ஒட்டிவரும் ஈயத்தூள் மடியில் ஏறும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இதயத்தையும் மறத்தலாகாது. அமெரிக்காவில் பணியின்போது இறந்த தீயணைப்போரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இதய நோயால் இறந்தமை தெரிந்தது. கனத்த உடை, கடும் வெப்பம், நீரிழப்பு, மணியடித்தவுடன் உறக்கத்திலிருந்து பாய்ந்தெழுதல் ஆகியன கூடி இதயத்தைத் தாக்குகின்றன. புகையிலையை விடுதலும், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதித்தலும் ஒவ்வொருவர் கடமை. சோதனைக்கு ஏற்பாடு செய்தல் பணியில் அமர்த்தியோர் கடமை. கருகிய குழந்தையின் உடலைத் தூக்கி வந்தவன் இரவில் உறங்க முடியாமற் போனால் அது கோழைத்தனம் அன்று. அவனைக் குடிக்கு விட்டுவிடாமல், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உறவினர்க்கு அழகு. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்?

இங்கே நம் நெஞ்சைச் சுடும் ஒன்றையும் கூறியாக வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் மயங்கியவரை மீட்கத் தீயணைப்போர் வரும்போது மூச்சுக் கருவி அணிந்தே இறங்க வேண்டும் என்பது முறை. ஏனெனில் ஹைட்ரஜன் சல்பைடு மிகும்போது முகரும் உணர்வையே கொன்று, பின் ஆளைக் கொல்லும். ஆனால் அதற்குச் சற்று முன் அதே தொட்டியில் நம் உறவினர் ஒரு கயிற்றோடு இறக்கப்பட்டாரே! தொட்டியும் ஒன்று, நஞ்சும் ஒன்று, மூச்சு மட்டும் இரண்டா? மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் என 2014இல் விதித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு நீதியின் ஒரு பகுதியே. இறக்காமல் காப்பதே முழு நீதி. தீயணைப்போனுக்கு நல்ல கருவி கேட்கும் நாம், அதே வாயால் எந்த மனிதனையும் தொட்டிக்குள் இறக்காதே என்றும் கேட்கிறோம். இரண்டும் ஒரே கோரிக்கை.

இளைஞர்களே! நீங்கள் செய்யத்தக்கன சில உண்டு. வேதியியலை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். அது உங்கள் உயிர்க்கவசம். வேலைக்குச் சேரும் முதல் நாளே தீயணைப்புக் கருவி எங்கே, மாற்று வழி எங்கே, இங்குள்ள பொருள் யாது எனக் கேளுங்கள். யாரேனும் தொட்டியில் மயங்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். 101 அல்லது 112க்கு அழையுங்கள். தீயணைப்பு வண்டி நுழையுமாறு தெருவை ஆக்கிரமிப்பின்றி வைத்திருங்கள். தீயணைப்போரை வேடிக்கை பார்க்கச் சூழாமல், உள்ளே இருப்பவற்றை அறிந்த ஒருவர் முன்வந்து சொல்லுங்கள். அவ்வொரு சொல் ஓர் உயிரைக் காக்கும்.

பிறருக்காகத் தீயில் இறங்குவோர் தம் குடும்பத்திற்கும் உரியவர்கள். தியாகி என்று மாலையிட்டுப் போற்றுவதினும், ஓய்வு பெற்று நலமாய்ப் பேரப்பிள்ளைகளோடு இருக்கக் காண்பதே சமுதாயத்திற்குப் பெருமை. அந்நிலையை உருவாக்க அறிவும் அமைப்பும் வேண்டும். இரண்டையும் வளர்க்கவே நம் கழகம் கால் நூற்றாண்டாக உழைத்து வருகிறது, இனியும் உழைக்கும்.