புதிய கதாசிரியரைக் கண்டறிதல்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

"இந்தியாவின் இளங் கதாசிரியர்களும் நாமும்" என்பது இன்று எனக்குத் தரப்பட்ட விஷயம். பண்டிதர்களும் ஆசிரியர்களும் வீற்றிருக்கும் இச் சபையிலே, சர்வகலாசாலையிற் படித்துக்கொண்டிருக்கும் ஒருவன், அதுவும் மிஷன் பாடசாலையிலே கல்வி கற்றவன், கதைப் புத்தகங்களைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். "சமயச் சங்கத்திலே கதைக்கு என்ன வேலை?" என்று மனத்துள் நினைப்பவர்களும் இருப்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறேன்.

நமது சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார்மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடினார் என்பது நம்மூர்ப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். இன்று கல்வளையந்தாதியைப் பழைய நூல் என்று போற்றுகிறோம். பாடப்பட்ட அன்றோ அது புத்தம் புதிய நூல். அதனை முதன்முதற் கேட்டவர்களுக்கு உரையாசிரியரின் துணையில்லை. முன்னோரின் அபிப்பிராயமும் இல்லை. தங்கள் செவியையும் அறிவையும் நம்பி "நன்று" என்றார்கள். அவர்கள் அன்று சொன்ன அந்த ஒரு சொல்லினாலேயே நூல் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

பெரியபுராணம் சிதம்பரத்திலும், கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்திலும் அரங்கேறின என்று நம் மரபு கூறுகின்றது. அரங்கேற்றம் என்றால் என்ன? புதிய நூலொன்றைச் சபை கூடிக் கேட்டு, ஆராய்ந்து, ஏற்றுக்கொள்ளும் முறையே அது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் தமது சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்திலே, ஒரு நூலின் வயதை வைத்துக்கொண்டு அதன் தரத்தை நிச்சயிக்கலாகாது என்ற கருத்தை வெளியிட்டிருக்கிறார். ஆகவே, புதிய நூலுக்குச் செவிகொடுப்பது சைவ மரபுக்குப் புறம்பான காரியமன்று. அந்த மரபு நமக்குத் தந்த கடமை என்றே சொல்வேன்.

புதிய எழுத்தாளனைக் கண்டறிவது பத்திராதிபருக்கும் பரிசுக் குழுவினருக்கும் மாத்திரம் உரிய வேலை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது முதலில் வாசகனுடைய வேலை. வாசகன் அதனைச் செய்யத் தவறினால் என்ன நேருமென்பதற்குத் தமிழ்நாட்டிலே ஓர் உதாரணம் உண்டு. 1933ஆம் ஆண்டு 'மணிக்கொடி' தோன்றியது. 1935இலிருந்து பி. எஸ். ராமையா அதனைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்தினார். தமிழ்ச் சிறுகதையின் தலைசிறந்த எழுத்தாளர்கள் பலர் அதிலே எழுதினார்கள். அவர்களுள் ஒருவர் புதுமைப்பித்தன். இன்று அவரைப் படிக்காமல் தமிழ்ச் சிறுகதையைப் பற்றி எவரும் பேசமுடியாது. ஆனால் அவர் 1948ஆம் ஆண்டு, தமது நாற்பத்திரண்டாம் வயதிலே, வறுமையோடும் காச நோயோடும் போராடி உயிர்நீத்தார். அவருடைய நூல்களைத் தமிழ்நாட்டு அரசாங்கம் நாட்டுடைமையாக்கியது 2002ஆம் ஆண்டில். இறந்தபின் எடுக்கும் விழாக்களிலும் பார்க்க, உயிரோடிருக்கும்போது ஆயிரம் வாசகர் புத்தகத்தை விலைகொடுத்து வாங்குவதே எழுத்தாளனுக்குப் பெரிய உபகாரம்.

நமது யாழ்ப்பாணம் இவ் விஷயத்திலே பின்தங்கியிருந்ததென்று எவரும் சொல்லமுடியாது. நா. பொன்னையா அவர்கள் 1930இல் ஆரம்பித்த 'ஈழகேசரி', 1958 வரை நடந்த காலத்திலே, இளைஞர்களின் எழுத்துக்குத் தனியிடம் ஒதுக்கிக் கொடுத்தது. அங்கே எழுதிப் பழகியவர்கள் பிற்காலத்தில் ஈழத்து இலக்கியத்தின் தூண்களானார்கள். 1943ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்ற வரதர் அவர்கள் நமது அயலூராகிய பொன்னாலையைச் சேர்ந்தவர். அப்பொழுது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவ் விளைஞர்கள் 1946இலிருந்து 1948 வரை 'மறுமலர்ச்சி' என்ற சஞ்சிகையை நடத்தினார்கள். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் வயதுச் சகோதரர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். பெரியவர்கள் வந்து வழிகாட்டட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

கடலின் இரு கரையும் ஒன்றையொன்று அறிந்திருந்த காலமும் உண்டு. 1955இல் வ. விஜயபாஸ்கரன் சென்னையிலே தொடங்கிய 'சரஸ்வதி' 1962 வரை வெளிவந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஜெயகாந்தன் என்ற இளைஞரின் கதைகளை அது வெளியிட்டது. அவரே பின்னர் 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்றார். அதே 'சரஸ்வதி' யாழ்ப்பாணத்திலே சிகை அலங்கரிக்கும் தொழில் செய்துகொண்டிருந்த டொமினிக் ஜீவாவின் கதைகளையும் வெளியிட்டது. எழுதியவனுடைய சாதியையோ படிப்பையோ விசாரியாமல், கதையைப் பார்த்து மதிப்பளித்தது. ஜீவா அவர்கள் 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றதும், 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கித் தாமே தெருத்தெருவாகச் சுமந்து விற்று, 2012 வரை நடத்தியதும் நாமெல்லோரும் அறிந்தவை. தாம் பெற்ற உபகாரத்தைப் பல புதிய எழுத்தாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

பின்னர் இந்தத் தொடர்பு பலவிதமாகத் தடைப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் ஈழத்து எழுத்து வளர்ந்தது என்பாரும் உளர். அது வேறு விவாதம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பின் யுத்தகாலம். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வழியில்லாத நாட்களிலே புதிய நாவல்களுக்கு வழியேது? இன்று வழி திறந்திருக்கிறது. புத்தகங்கள் வருகின்றன, கைத்தொலைபேசியிலும் படிக்கலாம். இருந்தும் இந்தியாவிலே நம் வயதினர் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டால், நம்மிற் பெரும்பாலோர்க்கு விடை தெரியாது. சினிமாவாக வந்த கதைகளும், சண்டையிலே அடிபட்ட பெயர்களுமே நம் காதுக்கு எட்டுகின்றன.

எங்கிருந்து தொடங்கலாம்? இந்திய சாகித்திய அக்கடமி 2011ஆம் ஆண்டிலிருந்து முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாத எழுத்தாளர்களுக்கு 'யுவ புரஸ்கார்' என்ற விருதை மொழிதோறும் வழங்கி வருகிறது. தமிழிலே அவ் விருது பெற்ற கதை நூல்கள் சிலவற்றைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

2012இல் மலர்வதியின் 'தூப்புக்காரி'. துப்புரவுத் தொழில் செய்யும் பெண்ணொருத்தியின் வாழ்வைக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சுத் தமிழிலே சொல்லும் நாவல். 2015இல் வீரபாண்டியனின் 'பருக்கை'. கல்லூரிச் செலவுக்காகக் கலியாணப் பந்திகளிலே சோறு பரிமாறும் மாணவர்களின் கதை. நாம் பந்தியில் இருந்து சாப்பிடுகிறோம். இலையில் சோறு இடுபவன் யார், அவன் சாப்பிட்டானா என்று கேட்டதுண்டா? 2016இல் லட்சுமி சரவணகுமாரின் 'கானகன்'. காட்டையும் வேட்டையையும் பற்றியது. 2018இல் காரைக்குடியிலே ஆயுர்வேத வைத்தியராயிருக்கும் சுனில் கிருஷ்ணனின் 'அம்புப் படுக்கை' என்ற சிறுகதைத் தொகுதி. 2021இல் கார்த்திக் பாலசுப்பிரமணியனின் 'நட்சத்திரவாசிகள்'. கணினி நிறுவனங்களிலே வேலை பார்க்கும் இளைஞரின் உள்ளத்தை அது காட்டுகிறது. 2023இல் நாகர்கோவிலைச் சேர்ந்த ராம் தங்கத்தின் 'திருக்கார்த்தியல்'. நாம் கார்த்திகை விளக்கீடு என்று கொண்டாடும் திருநாளை அப் பகுதி மக்கள் அவ்வாறு வழங்குகிறார்கள். விடுதியிலே தங்கிப் படிக்கும் ஏழைச் சிறுவனின் பசியை அத் தலைப்புக் கதை கூறுகிறது. 2024இல் லோகேஷ் ரகுராமனின் 'விஷ்ணு வந்தார்', 2025இல் லட்சுமிஹரின் 'கூத்தொன்று கூடிற்று' ஆகிய சிறுகதைத் தொகுதிகள் இவ் விருதைப் பெற்றன.

துப்புரவுப் பெண், பந்தி பரிமாறும் மாணவன், விடுதிச் சிறுவன் — இவர்களெல்லாம் நம் ஊரிலும் இருக்கிறார்கள். திருநாளிலே விளக்கேற்றும் நாம், அந்த வெளிச்சம் எட்டாத வீட்டைக் காண்பதற்கு இத்தகைய கதை கண் தருகிறது. சமயம் நமக்குச் சொல்லும் இரக்கத்தைக் கதையானது ஒரு முகத்தோடும் ஒரு பெயரோடும் நம்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. சமயச் சங்கத்திலே கதைக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இது எனது இரண்டாவது விடை.

விருது என்பது வாசல் மாத்திரமே. விருதுக்காகக் காத்திருப்பவன் எப்பொழுதும் பிந்தியே வருவான். 2025ஆம் ஆண்டு சர்வதேச புக்கர் பரிசு கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக் அவர்களின் சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தது. தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'ஹார்ட் லாம்ப்' என்ற நூல் அது. உலகப் பத்திரிகைகளுக்கு அவர் அன்றுதான் புதியவர். அக் கதைகளோ 1990 முதல் 2023 வரையிலே எழுதப்பட்டவை. அவருக்கோ வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கன்னடச் சஞ்சிகையிலே அவர் கதையை முதலிற் படித்து "இது யார்?" என்று கேட்ட வாசகரே அவரை உண்மையாகக் கண்டறிந்தவர்.

இனி, இந்து இளைஞர்களாகிய நாம் சிறிது துணிந்து சிந்திக்கவேண்டிய ஒரு விஷயம். பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்' 1991இல் வெளிவந்தது. 2010இல் 'மாதொருபாகன்' வந்தது. பிள்ளைப்பேறில்லாத தம்பதிகளின் துயரத்தைத் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பின்னணியிலே கூறும் கதை. நான்கு ஆண்டுகள் அது அமைதியாக விற்பனையாயிற்று. ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், 2014ஆம் ஆண்டின் முடிவிலே பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியிலே, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று தாமே அறிவித்து, அவர் எழுத்தை நிறுத்தினார். 2016 ஜூலை 5ஆம் திகதி சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் மறுபடியும் எழுதினார். 2023ஆம் ஆண்டிலே அவருடைய 'ஆலண்டாப் பட்சி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜே.சி.பி. பரிசு பெற்றது.

அந் நூலிலே சொல்லப்பட்டதை ஏற்கவேண்டுமென்று நான் வாதாட வரவில்லை. படித்து முடித்தபின் அதனை மறுப்பவர் மறுக்கலாம். நமது சமயமே பூர்வபட்சம், சித்தாந்தம் என்று வாதத்தை வளர்த்த சமயம். எதிராளியின் கொள்கையை முதலில் முழுவதும் எடுத்துச் சொல்லி, அதன் பின்னரே மறுப்பது நம் ஆசாரியர்களின் முறை. சிவஞானசித்தியாரிலே சுபக்கத்துக்கு முன் பரபக்கம் நிற்கிறது. படியாமல் எரிப்பது அந்த முறைக்கு மாறானது. நூலகம் எரிந்த ஊரிலே பிறந்த நாம் புத்தகத்தின்மேற் கைவைக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கவேண்டும்.

புதியன எல்லாம் நல்லன என்று நான் சொல்லமாட்டேன். வருடந்தோறும் வெளிவரும் நூல்களிற் பெரும்பாலானவை பத்தாண்டு தாங்கா. அம்மா சுளகிலே புடைக்கும்போது பதர் பறக்கிறது, நெல் நிற்கிறது. பதர் உண்டென்பதற்காக எவரும் நெல்லை வயலிலே விட்டுவிட்டு வருவதில்லை. புடைக்கும் வேலையை யாராவது செய்யத்தானே வேண்டும்?

அதற்கு நம் ஊரிலே ஏற்கெனவே ஒரு நல்ல முறை இருக்கிறது. கோயில்களிலே புராணபடனம் நடக்கிறது. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுகிறார், சபை கேட்கிறது. எழுத்தறியாதவர்களும் கந்தபுராணத்தை அறிந்தது இவ்வாறுதான். இதே முறையிலே, எமது சங்க மண்டபத்தில் மாதத்தில் ஒருநாள் ஒரு புதிய கதையைப் படிப்போம். இளைஞர் ஒருவர் உரத்து வாசிக்கட்டும். பெரியவர் ஒருவர் பயன் சொல்லட்டும். அடுத்த மாதம் பெரியவர் வாசிக்க, இளைஞர் பயன் சொல்லட்டும். கதை நன்றாயில்லையென்றால் ஏன் நன்றாயில்லை என்பதையும் சபையிலேயே பேசுவோம்.

இரண்டாவதாக, சங்க வாசிகசாலைக்கு வாங்கும் பத்துப் புத்தகங்களில் மூன்றாவது, ஓர் ஆசிரியரின் முதலாவது அல்லது இரண்டாவது நூலாக இருக்கட்டும். அவற்றுள் ஒன்று இந்தியாவினது, ஒன்று ஈழத்தினது, ஒன்று மலையாளம், கன்னடம், வங்காளம் போன்ற வேறு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்று வகுத்துக்கொள்ளலாம். வாங்கியவற்றை அலுமாரியிலே பூட்டிவைக்காமல் வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, படித்த கதை மனத்தைத் தொட்டால், அதனை எழுதியவருக்கு நான்கு வரி எழுதுங்கள். அவர் தென்காசியிலோ தருமபுரியிலோ இருக்கலாம். சண்டிலிப்பாயிலிருந்து ஒருவர் தமது கதையைப் படித்தார் என்ற செய்தி, அவர் அடுத்த கதையை எழுத உட்காருவதற்குப் போதிய காரணமாகலாம்.

பெரியோர்களே! இளைஞர் வாசிப்பதில்லை என்று நீங்கள் குறைப்படுகிறீர்கள். அக் குறையிலே உண்மை உண்டு. ஆனால் வாசிக்கும் இளைஞனைக் கண்டால், "பரீட்சைக்குப் படிக்காமல் கதைப்புத்தகமா?" என்று கேட்பதும் நம் வீடுகளிலே நடக்கிறது. இரண்டு குறையையும் ஒரே வாயினாற் சொல்லலாகாது. தம்பி தங்கைகளே! உங்களுக்கும் ஒன்று சொல்வேன். கண்டறிவதற்குப் பொறுமை வேண்டும். இருபது பக்கம் வாசிக்குமுன் புத்தகத்தை மூடாதீர்கள்.

கல்வளையந்தாதியை முதலிற் கேட்டுத் தலையசைத்த பெயர் தெரியாத அம் மனிதர்களின் பரம்பரையிலே வந்தவர்கள் நாங்கள். வருகிற மாதத்திலேயே முதற் கதையை வாசிக்கத் தொடங்குவோமாக. எடுக்கும் கருமம் இடையூறின்றி நிறைவேறக் கல்வளைப் பிள்ளையார் திருவருள் முன்னிற்பதாக.