ஏற்றத்தில் எழும் முள்



ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. பக்கத்து வீட்டு அண்ணன் பிக்கப் ஓட்டுகிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போவார், திரும்பும்போது கேரட் ஏற்றி வருவார். டாஷ்போர்டில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வட்ட மீட்டரைத் தனியாக வாங்கி மாட்டியிருக்கிறார். பூஸ்ட் மீட்டர்.

ஒரு நாள் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார். "தம்பி, கல்லாறு தாண்டி ரெண்டாவது கியர்ல ஏறும்போது முள்ளு எப்பவும் 18-ல நிக்கும். ரெண்டு நாளா 10-ஐத் தாண்ட மாட்டேங்குது. வண்டி இழுக்கல. பின்னாடி ஒரே கரும்புகை" என்றார். பட்டறையில் காட்டியிருக்கிறார். நின்ற இடத்திலேயே ரேஸ் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முள் அசையவில்லை என்றதும் "டர்போ போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். மாதத் தவணை கட்டி வண்டி ஓட்டுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த முள் எதைக் காட்டுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த இடியைத் தவிர்க்கலாம். அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

இன்ஜினில் எரிந்து வெளியேறும் புகைக்குள் சூடும் வேகமும் மிச்சம் இருக்கிறது. அதை வீணாக விடாமல் வேலை வாங்கலாம் என்று 1905-லேயே காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி. அந்தப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்த இரட்டைச் சக்கரம்தான் டர்போ. நல்ல இழுவையில் இது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். அமுக்கிய காற்று சூடாகிவிடும் என்பதால் இன்டர்கூலரில் ஆறவைத்து, ரப்பர் ஹோஸ் வழியாக இன்ஜினுக்கு அனுப்புகிறார்கள். அங்கே நுழைகிற காற்று, வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது என்பதைத்தான் அண்ணனுடைய மீட்டர் காட்டுகிறது. பங்க்சர் கடையில் "எத்தனை பாயிண்ட் காத்து?" என்று கேட்கிறார்களே, அதே பி.எஸ்.ஐ. கணக்குதான். சில மீட்டர்களில் பார் என்று போட்டிருக்கும். ஒரு பார் என்பது ஏறக்குறைய பதினாலரை பாயிண்ட்.

இனிமேல் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டர்போவைச் சுழற்ற இன்ஜினின் சுற்று மட்டும் போதாது. எரிகிற டீசலின் அளவும் வேண்டும். நியூட்ரலில் ரேஸ் கொடுக்கும்போது இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள மட்டும்தான் டீசல் கேட்கும். காலி வண்டியில் பூட்டிய மாட்டுக்கு மூச்சு வாங்காது, இல்லையா? அப்படித்தான் இதுவும். சுமை இல்லாதபோது புகையில் சூடும் வேகமும் குறைவு, அதனால் முள்ளும் பெரிதாக எழும்பாது. நின்ற இடத்தில் முறுக்கிப் பார்த்து டர்போவுக்குத் தீர்ப்பு எழுதுவது பெரிய தவறு. லோடு ஏற்றி, ஏற்றத்தில், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி பார்த்தால்தான் அந்த மீட்டர் பேசும்.

சிறிய டீசல் பிக்கப்புகளில் ஐடிலிங்கில் முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். சமதரையில் நிதானமாகப் போகும்போது மூன்றிலிருந்து எட்டுக்குள் ஆடும். முழு இழுவையில் பதினைந்திலிருந்து இருபதுக்கு மேல்கூடப் போகும். இதெல்லாம் தோராயம். மாடலுக்கு மாடல் மாறும். என்னைக் கேட்டால், அடுத்த வண்டிக்காரர் சொல்லும் எண்ணைக் காதில் வாங்கவே வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும்போது உங்கள் வண்டி, உங்கள் வழக்கமான ஏற்றத்தில், அதே கியரில் என்ன காட்டியது? அதுதான் உங்களுக்கு அளவுகோல். அண்ணனுக்கு அது மனப்பாடமாக இருந்தது. 18 என்பது 10 ஆனதை அவர் கவனித்ததால்தான் எனக்குப் பாதி வேலை மிச்சமானது.

மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டரில் பூஜ்யம் என்றால் காற்றே இல்லை என்று பொருள் அல்ல. வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் அது பூஜ்யமாக வைத்துக்கொள்கிறது. கடல் மட்டத்தில் அந்த வெளிக்காற்றே 14.7 பாயிண்ட். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியில் அது ஏறக்குறைய 11தான். முள் கீழேயும் 18, மேலேயும் 18 காட்டினாலும், மேட்டுப்பாளையத்தில் இன்ஜினுக்குக் கிடைப்பது மொத்தம் ஏறக்குறைய 32 பாயிண்ட். ஊட்டியில் 29. மேலே வண்டி கொஞ்சம் சோர்ந்தாற்போல் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். செல்போனில் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் செயலிகள் பல, இந்த மொத்த அழுத்தத்தைத்தான் காட்டும். ஐடிலிங்கில் அதில் 14 என்று வந்தால் பயந்துவிடாதீர்கள், அது நாம் சுவாசிக்கிற காற்றுதான்.

சரி, அண்ணன் வண்டிக்கு வருவோம். புகை கறுப்பு, முள் பாதியில் நிற்கிறது. அப்படியானால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. முதலில் ஏர் பில்டரைக் கழற்றி உதறிப் பார்த்தேன், சுத்தமாகவே இருந்தது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனேன். கண்ணுக்கு எங்கும் கிழிசல் இல்லை. ஆனால் கிளிப்புக்குக் கொஞ்சம் தள்ளி, அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்து, அதன்மேல் செம்மண் தூசி அப்பியிருந்தது. அந்த இடத்தை இரண்டு கையாலும் வளைத்ததும் வாய் திறந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. வண்டி நிற்கும்போது மூடிக்கொள்கிறது. அழுத்தம் ஏறும்போது திறந்து, டர்போ தள்ளுகிற காற்றை வெளியே விட்டுவிடுகிறது. "ஏத்தத்துல புஸ்ஸுனு ஒரு சத்தம் கேட்டுச்சு தம்பி, டயர்னு நெனச்சேன்" என்றார் அண்ணன்.

முள் வழக்கத்துக்கு மேலே போனாலும் சும்மா விடக்கூடாது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். சில டர்போக்களில் உள்ளே அசையும் தகடுகள் கரி பிடித்து இறுகியிருக்கலாம். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே பயந்து இழுவையைக் குறைத்துவிடும். பழைய வண்டியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே முள்ளைப் பார்க்கும் ஓட்டுநரின் கால்தான் பாதுகாப்பு.

மலை ஏறி முடித்ததும் இன்ஜினைப் பட்டென்று அணைக்காதீர்கள் என்றும் அண்ணனிடம் சொன்னேன். டர்போ அப்போது தகதகவென்று கொதிக்கும். இன்ஜின் நின்றால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும், தண்டைச் சுற்றியிருக்கும் ஆயில் அங்கேயே கருகும். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டுவிட்டு அணைத்தால் போதும்.

ஹோஸை மாற்றினோம். டர்போவில் யாரும் கை வைக்கவில்லை. அடுத்த நாள் விடியற்காலை கல்லாறு தாண்டி ஏறியபோது போன் வந்தது. ஓட்டியபடி பேசாதீர்கள் என்று நான் சொல்வதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகன் பேசினான்: "மாமா, 18. அப்பா சொல்லச் சொன்னாரு." இப்போது அந்த மீட்டருக்குக் கீழே ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதில் அந்தப் பையனின் கையெழுத்தில் "கல்லாறு, 2-வது கியர், புல் லோடு – 18" என்று எழுதி, அடியில் தேதியும் போட்டிருக்கிறது.