பிச்சை அல்ல, உரிமை



லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண், இரக்கமில்லாத நடுவரிடம் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறார். அவர் கேட்டது பிச்சை அல்ல, தமக்குரிய நீதி. ஓயாமல் கேட்டார், பெற்றார்.

நம் தொண்டிக் கடற்கரையிலும் அப்படிக் கேட்க வேண்டிய தாய்மார் உண்டு. கணவர் கடலுக்குப் போய்விட, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை யாரிடம் விட்டு மீன் விற்கப் போவது என்று தவிக்கிறவர்கள். "யார் செய்த பாவமோ" என்ற பேச்சுக்கு அஞ்சி, பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள். பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைப் பார்த்துச் சீடர்களும் இதையேதான் கேட்டார்கள். அவரும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் அந்தப் பேச்சை முடித்துவைத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றில் உண்டு. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு.

"எங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?" இதுதான் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். இதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு.

இவற்றுக்கெல்லாம் முதல் படி, மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும். அதற்கு இராமநாதபுரத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். போய்வர ஒரு நாள் பிழைப்பு போகும். கூட்டத்தில் பிள்ளை மிரளும். படிவம் புரியாது. பலர் பாதியில் திரும்பிவிடுவது இதனால்தான்.

அன்பர்களே, உவமையில் அந்தக் கைம்பெண் தனியாகப் போனார். நம் பங்கில் எந்தத் தாயும் தனியாகப் போக வேண்டாம். உங்கள் அன்பியத்தில் அப்படியொரு குடும்பம் இருந்தால், இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். படிவம் எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொடுங்கள். நேரமுள்ளவர் கூடவே பேருந்தில் ஏறுங்கள். ஞாயிறு திருப்பலியில் அந்தப் பிள்ளை சத்தமிட்டால், திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காமல் இடம் கொடுங்கள்.

நீதியின் ஆண்டவர் நம்மை அந்தத் தாய்மாரோடு நடக்கச் செய்வாராக. ஆமென்.