சதவீதம் அப்படியே இருக்கிறது

மேடையில் இருக்கிற தோழர்களே, நாற்காலி போதாமல் வண்டி மேலும் திண்ணை மேலும் உட்கார்ந்திருக்கிற நங்கநல்லூர்ப் பெரியவர்களே, தாய்மார்களே!

மார்கழி மாதம். காலையில் திருப்பாவை கேட்ட காதுக்கு, சாயங்காலம் என் தொண்டை. பொறுத்துக்கொள்ளுங்கள். "தீபாவளி போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது, இப்போது எதற்கய்யா போனஸ் கூட்டம்?" என்று வரும்போதே ஒரு பெரியவர் மடக்கினார். நியாயமான கேள்வி. மார்ச்சில் கணக்கு முடிக்கிற நிறுவனம் எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுத்தாக வேண்டும். அந்தக் கெடு நவம்பர் 30. இன்னும் கொடுக்காதவர்கள் இன்றைய தேதியில் சட்டத்தை மீறி நிற்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் பேசினால் கெஞ்சுகிறோம் என்பார்கள். இப்போது பேசினால் பாக்கி கேட்கிறோம் என்று அர்த்தம்.

போனஸ் குறைகிறது என்று வாய் திறந்தால் உடனே பேப்பரை எடுத்து நீட்டுகிறார்கள். "எங்கே குறைந்தது? பார், 20 சதவீதம்!" ஆமாம், 2025 அக்டோபரில் மாநில அரசு அறிவித்தது. பொதுத்துறை நிறுவனங்களில் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்கு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக மொத்தம் 20. பஸ் டெப்போவில் லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று சாப்பிட்டேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் எதில் 20 சதவீதம்? அந்த டெப்போவில் இருக்கிற கண்டக்டர் வாங்குகிற சம்பளத்திலா? கிடையாது. அவர் மாதம் 7,000 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொண்டு, அந்த ஏழாயிரத்தில் 20 சதவீதம். வருடத்துக்கு 84 ஆயிரம், அதில் ஐந்தில் ஒரு பங்கு 16,800. இதுதான் உச்சவரம்பு. முப்பதாயிரம் சம்பளம் வாங்குகிறவர் வருடத்தில் மூன்று லட்சத்து அறுபதாயிரம் சம்பாதிக்கிறார். 16,800 அதில் ஐந்து சதவீதம்கூட ஆகாது. தலைப்பில் 20, கையில் ஐந்துக்கும் கீழே. மீதிப் பதினைந்து எங்கே போயிற்று என்று எந்தப் பேப்பரும் போடவில்லை.

2019 தீபாவளிக்கும் இதே 16,800தான். அன்றைக்கு அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு தி. நகர் போயிருந்தால் அரைப் பவுன் வாங்கிவிட்டு, வீட்டுக்கு ஸ்வீட்டும் வாங்கி வந்திருக்கலாம். 2025 தீபாவளிக்கு அதே பணத்தில் இரண்டு கிராம் கிடைக்கவில்லை. நடுவில் 2020, 2021, 2022 மூன்று வருடம் கொரோனாவைக் காட்டி 11.67-ஐ 1.67 ஆக்கினார்கள். மொத்தம் 10 சதவீதம், 8,400 ரூபாய். முதல் வருடம் ஒரு கட்சி ஆட்சி, அடுத்த இரண்டு வருடம் இன்னொரு கட்சி ஆட்சி. வெட்டுவதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கை. 2023-இல் திருப்பிக் கொடுத்தபோது அதைச் சலுகை போல அறிவித்தார்கள். நம்மிடமிருந்து எடுத்ததை நம்மிடமே கொடுத்துவிட்டு, மாலையும் நம் கையாலேயே போடச் சொன்னார்கள். நம் சங்கங்களும் போட்டன. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த ஏழாயிரம் எங்கிருந்து வந்தது? போனஸ் சட்டம் 1965-இல் வந்தது. சட்டத்துக்குள் இரண்டு எண்கள் உண்டு. எவ்வளவு சம்பளம் வரை வாங்குகிறவருக்குப் போனஸ் உண்டு என்பது ஒன்று, எந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போடுவது என்பது இன்னொன்று. 1965-இல் முதல் எண் 1,600 ரூபாய், இரண்டாவது 750. ஏறக்குறைய பாதி. 1995-இல் 3,500-க்கு 2,500, அதாவது பத்தில் ஏழு பங்கு. நன்றாகத்தானே இருந்தது? 2007-இல் முதல் எண்ணை 10,000 ஆக்கினார்கள், இரண்டாவதை 3,500-இல் நிறுத்தினார்கள். 2015-இல் 21,000-க்கு 7,000. மூன்றில் ஒரு பங்கு! "உனக்கும் போனஸ் உண்டு, உனக்கும் உண்டு" என்று கதவை அகலத் திறந்துவிட்டு, உள்ளே இலையைச் சின்னதாக நறுக்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகு பத்து வருடமாகிவிட்டது, அந்த எண்கள் அசையவில்லை.

ரயில்வே கதை இன்னும் வேடிக்கை. பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கத்திலேயே ரயில்வேக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள், நான் சொல்வது தப்பென்றால் இங்கேயே எழுந்து நில்லுங்கள். வருஷா வருஷம் செய்தி வருகிறது: "ரயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் சம்பளம் போனஸ்." பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? இரண்டரை மாதச் சம்பளத்தை மொத்தமாக வாங்கிவிட்டான் என்று நினைப்பார். வயிறும் எரியும். அந்த 78 நாளுக்கும் அதே 7,000 கணக்குத்தான். மொத்தம் 17,951 ரூபாய். ஏழாவது ஊதியக் குழுவின்படி ரயில்வேயில் மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 18,000. புரிகிறதா? 78 நாள் போனஸ், கடைநிலை ஊழியரின் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தை விடவும் குறைச்சல்! 18,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வர வேண்டும்.

அந்தப் போனஸ் என்ன, தானாகக் கனிந்து மடியில் விழுந்ததா? 1974 மே மாதம் நாடு முழுக்க ரயில்வேக்காரர்கள் இருபது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த அந்த வேலைநிறுத்தத்தின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று போனஸ். ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள், வேலை இழந்தார்கள், குவார்ட்டர்ஸிலிருந்து சாமான்களை வெளியே எறிந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1979-இல்தான் கிடைத்தது.

போனஸைப் பறித்த கதையும் உண்டு. நெருக்கடி நிலை வந்த மூன்றாவது மாதமே, 1975 செப்டம்பரில், அவசரச் சட்டம் போட்டுக் குறைந்தபட்ச போனஸை 8.33-இலிருந்து 4 சதவீதமாக்கினார்கள். பேச்சுரிமைக்கு அடுத்து அவர்கள் கை வைத்தது போனஸில்! எல்.ஐ.சி. ஊழியர்களுக்கு 1974-இல் ஒப்பந்தம் போட்டு ஒப்புக்கொண்ட 15 சதவீத போனஸை, 1976-இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே போட்டு ரத்து செய்தார்கள். ஊழியர்கள் விடவில்லை. 1978-இல் ஏழு நீதிபதிகள் அமர்ந்த உச்சநீதிமன்ற அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்றது. இந்தக் கூட்டத்தில் அந்தப் பணத்தை வாங்கியவர்கள் உட்கார்ந்திருக்கக்கூடும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வராது.

அன்றைய ஆட்சியாளர்கள் முரட்டுத்தனமாகச் சதவீதத்தையே வெட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்தது, கோபம் வந்தது, 1977 தேர்தலில் நாடு பதில் சொன்னது. இன்றைக்கு இருக்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். 8.33-ஐத் தொடவே மாட்டார்கள். அடித்தொகையை அப்படியே விட்டுவிட்டால் போதும், விலைவாசி மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வேலையும் நடக்கிறது. வாங்குகிற ஆளையே குறைப்பது. மாநிலப் பொதுத்துறையில் 2020-இல் போனஸ் வாங்கியவர்கள் 2 லட்சத்து 91 ஆயிரம் பேர். 2025-இல் 2 லட்சத்து 69 ஆயிரம். ரயில்வேயில் 2024-இல் 11 லட்சத்து 72 ஆயிரம் பேர், மறு வருடமே 10 லட்சத்து 91 ஆயிரம். வேலை குறைந்ததா? ரயிலில் கூட்டம் குறைந்ததா? சென்னையில் 2025 ஜூன் கடைசியிலிருந்து மின்சாரப் பேருந்து ஓடுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது, ஏ.சி. கூட உண்டு. அதில் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழக ஊழியர். ஓட்டுகிற டிரைவர் தனியார் கம்பெனி ஆள். பஸ் ஒன்று, டிராஃபிக் ஒன்று, வெயில் ஒன்று. அரசு அறிவித்த 20 சதவீதத்தில் பின்னால் நிற்கிறவர் இருக்கிறார், முன்னால் உட்கார்ந்திருப்பவர் இல்லை. அவருக்கு அவருடைய கம்பெனி பார்த்துக் கொடுப்பதுதான்.

அரசு அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் வாங்குவதை ஒரு வருடத்துக்கு நிறுத்தினார்கள். ஒரு வருடம் ஐந்தரை வருடமாயிற்று. 2025 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். பண்டிகை முன்பணத்தை 10,000-இலிருந்து 20,000 ஆக்கினார்கள் என்று சந்தோஷப்படுகிறோம். முன்பணம் கடன் ஐயா, சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். பொங்கல் போனஸோ, போன பொங்கலுக்கும் 3,000, அதற்கு முந்தின பொங்கலுக்கும் 3,000. போனஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறது, கடன் மட்டும் இரண்டு மடங்காகிறது!

"எங்கள் பிள்ளைகள் ஐ.டி.யில் இருக்கிறார்கள், இதெல்லாம் அவர்களுக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். பையனோட ஆஃபர் லெட்டரை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். சி.டி.சி. என்று பெரிய தொகை போட்டிருக்கும். அதற்குள் கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப். இருக்கும், இன்ஷூரன்ஸ் பிரீமியம் இருக்கும். ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் கிடைக்கிற கிராஜுவிட்டியைக்கூட 4.81 சதவீதம் என்று முதல் நாளே சம்பளத்தில் சேர்த்துக் காட்டியிருப்பார்கள். மூன்றாவது வருடத்தில் வெளியே போனால் அந்தக் காசு யாருக்கு? "வேரியபிள் பே" என்று ஒரு வரி இருக்கும். அவன் உழைப்பதைப் பொறுத்து மட்டுமல்ல, அமெரிக்காவில் யாரோ ஒரு வாடிக்கையாளர் தும்முவதைப் பொறுத்தும் அது மாறும். தீபாவளிக்கு ஒரு பெட்டியில் முந்திரி, பாதாம், ஒரு அகல் விளக்கு. அவ்வளவுதான்.

நம்ம ஊரைச் சுற்றி வாருங்கள். வோல்டாஸ் காலனி, எம்.எம்.டி.சி. காலனி, டி.என்.ஜி.ஓ. காலனி, சிவில் ஏவியேஷன் காலனி. வேலை பார்த்த இடத்தின் பெயர் குடியிருக்கிற தெருவுக்கு வந்திருக்கிறது. போனஸ், வீட்டுக்கடன், சொசைட்டி, பி.எஃப். என்று சேர்த்துச் சேர்த்துத்தான் அந்தத் தலைமுறை மனை வாங்கியது, சுவர் எழுப்பியது. ஓ.எம்.ஆர். முழுக்க லட்சக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள். ஏதாவது ஒரு ஐ.டி. கம்பெனி பெயரில் ஒரு காலனி காட்டுங்கள், பார்க்கலாம். பில்டர் பெயர்தான் இருக்கும், முப்பது வருட இ.எம்.ஐ.யோடு.

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். எல்லாமே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி என்கிறது, வரவேற்போம். போனஸ் 8.33-இலேயே இருக்கிறது. ஆனால் பழைய சட்டத்தில் 21,000 என்பதும் 7,000 என்பதும் சட்டப் புத்தகத்திலேயே இருந்தன. மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும், நான்கு பேர் கேள்வி கேட்பார்கள். இனிமேல் அரசின் அறிவிக்கை ஒன்று போதும். ஏற்றுவதற்கு வசதி என்கிறார்கள். அப்படியானால் ஏற்றிக் காட்டுங்கள், நாளைக்கே அறிவிக்கை போடுங்கள். வாங்குகிற சம்பளத்தில் போனஸ். இதுதான் நம் கோரிக்கை, இதற்குமேல் ஒரு பைசா கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

நம் அப்பார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார். குப்பை எடுக்க வருகிற அம்மா இருக்கிறார், ஆலந்தூர் மண்டலத்தில் அந்த வேலை தனியார் கம்பெனியிடம் இருக்கிறது. தீபாவளி அன்று இரண்டு பேரும் நம் கதவைத் தட்டித் தலையைச் சொறிகிறார்கள். நூறோ இருநூறோ கொடுத்து நாம் தர்மவான் ஆகிவிடுகிறோம். அவர்களுடைய முதலாளி கொடுக்க வேண்டிய போனஸ் அது. முதலாளியின் கடனை நாம் இனாமாக அடைக்கிறோம், வாங்குகிறவர் கூனிக் குறுகி வாங்குகிறார்.

முப்பது நாள் வேலை பார்த்தவருக்குப் போனஸ் உண்டு. ஏஜென்சி ஆள், காண்ட்ராக்ட் ஆள் என்று சொல்லித் தப்ப முடியாது. இருபது பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற ஏஜென்சிக்குச் சட்டம் பொருந்தும், நட்டம் என்றாலும் 8.33 கொடுத்தாக வேண்டும். ஏழாயிரம் அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது கூடுதலோ அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். காவல் வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலி ஏழாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

அசோசியேஷன் செயலாளர்கள் நாலைந்து பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். செக்யூரிட்டி ஏஜென்சி மாதா மாதம் அனுப்புகிற பில்லை இன்று ராத்திரி எடுத்துப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., சர்வீஸ் சார்ஜ், ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். போனஸ் என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் பணம் நீங்கள் கட்டிவிட்டீர்கள். கேட்டில் போய் அந்த மனிதரிடம், "உங்கள் கைக்கு வந்ததா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் ஏஜென்சிக்கு எழுதுங்கள், அடுத்த மாத பில்லை நிறுத்தி வையுங்கள். பில்லில் அந்த வரியே இல்லை என்றால், மலிவாகக் கிடைக்கிறது என்று அந்த ஏஜென்சியைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதை உங்கள் பொதுக்குழுவில் பேசுங்கள்.

தொழிலாளர் துறைக்கு அனுப்புகிற மனு மேடைக்கு இடதுபக்கம் மேஜையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். எந்த வேலை, எத்தனை மாதம், போனஸ் வந்ததா இல்லையா, மூன்றே கேள்விதான். வாட்ச்மேன்கள் எட்டு மணிக்கு டூட்டி மாறுவார்கள். அவர்கள் வந்து எழுதும் வரைக்கும் மேஜையை எடுக்க மாட்டோம்.