கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்!

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் வணிகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல; கடை வைத்துப் பிழைப்பவன். அதனால் என் கடையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே தொடங்குகிறேன்.

என் மகன் அப்போது 4ஆம் வகுப்பு படித்துக் கொண்டிருந்தான். ஈரோட்டிலிருந்து வந்த ஜவுளிக் கட்டில் அந்த வியாபாரி ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். தமிழில் ஐந்தே வரிகள். "படித்துச் சொல்லப்பா, எத்தனை உருப்படி குறைகிறதாம்?" என்று கேட்டேன். எழுத்து எழுத்தாகக் கூட்டி எப்படியோ கடைசி வரி வரை வந்துவிட்டான். ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. "தெரியல வாப்பா" என்று தலையைக் குனிந்து கொண்டான்.

அவனுடைய மதிப்பெண் அட்டையில் நான்கு வருடமாகக் கையெழுத்துப் போட்டவன் நான்! ஒரு கண் வாடிக்கையாளர் மீது, ஒரு கை கல்லாவில். "பாஸா?" என்று ஒரு கேள்வி, "பாஸ்" என்று ஒரு பதில். அத்தோடு முடிந்தது. சரக்கு வந்தால் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவோமா? பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் போட்டேன். இந்தத் தவறை நீங்களும் செய்து விடக்கூடாது என்பதற்காகத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் ஒரு உண்மையை விளங்கிக் கொள்ளுங்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 8ஆம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அரசுகளுக்குக் கொடுத்தார்கள். ஆயினும் தமிழக அரசு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பழைய முறையையே தொடர்ந்தது. பிஞ்சு வயதில் 'ஃபெயில்' என்று முத்திரை குத்திப் படிப்பை விட்டே விரட்டாமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நமக்கு அதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. அடுத்த வகுப்புக்குப் போய்விட்டான் என்பது, அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்பதற்குச் சான்று ஆகாது!

நாட்டு நிலவரம் என்ன? 'பிரதம்' என்ற அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லியும் கணக்குப் போடச் சொல்லியும் பார்க்கிறது. 'ஏசர்' என்பது அந்த ஆய்வின் பெயர். 2024 ஆய்வின்படி, நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம். 5ஆம் வகுப்பில் 44.8 சதவீதம். அதாவது 5ஆம் வகுப்பிலும் பாதிக்கு மேற்பட்டோர் வாசிக்கத் திணறுகிறார்கள். 'என் பிள்ளை பணம் கட்டி இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறான்' என்று நிம்மதியாக இருந்து விடாதீர்கள். என் மகனும் அப்படித்தான் படித்தான்!

சரி, மதிப்பெண் அட்டையை எப்படிப் பார்ப்பது?

தமிழகத்தில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்தார்கள். 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு. 60 மதிப்பெண் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். கடை மொழியில் சொல்கிறேன். தினமும் கடை சாத்துமுன் கல்லாவைச் சரிபார்க்கிறோமே, அது வளரறி. ஆண்டு முடிவில் சரக்கிருப்பு எடுக்கிறோமே, அது தொகுத்தறி. முன்னதில் செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும் அடங்கும். பின்னது பருவ முடிவில் எழுதும் தேர்வு. தினசரிக் கணக்கில் குறையைக் கண்டால் மறுநாளே சரி செய்யலாம். ஆண்டு முடிவு வரை காத்திருந்தால் நஷ்டம்தான் மிஞ்சும்! ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

2022-23இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு. அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும். அதில் பிள்ளையின் திறனைச் சோதித்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். அரும்பு என்றால் 1ஆம் வகுப்பு நிலை, மொட்டு 2ஆம் வகுப்பு நிலை, மலர் 3ஆம் வகுப்பு நிலை. பிள்ளை 3ஆம் வகுப்பில் இருந்து கொண்டு அரும்பில் நின்றால் அது அவமானம் அல்ல. எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று காட்டும் அடையாளம்.

இனி, இன்று இரவே நீங்கள் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பத்து நிமிடம் போதும்.

வாசிப்பு: பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள். அதைப் பிள்ளை மனப்பாடம் செய்திருப்பான். அவன் பார்த்திராத நாலைந்து எளிய வரிகளை எழுதிக் கொடுங்கள். வாசித்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். வரியில் உள்ளபடியே பதில் இருக்கும் ஒன்று. 'ஏன்' என்று ஒன்று. 'உன் சொந்தச் சொல்லில் சொல்' என்று ஒன்று. நம்மில் எத்தனையோ பேர் அரபியைச் சரளமாக ஓதுகிறோம். பொருள் கேட்டால் ஆலிமிடம்தான் போகிறோம். உச்சரிப்பது வேறு, விளங்குவது வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிப் பாடத்திலும் அப்படியே. இங்கிலீஷ் மீடியப் பிள்ளையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே சோதியுங்கள்.

கணக்கு: 2ஆம், 3ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 52இலிருந்து 38ஐக் கழிக்கக் கொடுங்கள். விடை 14. பிள்ளை 26 என்று எழுதினால் கோபப்படாதீர்கள், விடையை உற்றுப் பாருங்கள். கீழே உள்ள 8இலிருந்து மேலே உள்ள 2ஐக் கழித்திருக்கிறான். கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்கு விளங்கவில்லை. 5ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 824ஐ 8ஆல் வகுக்கக் கொடுங்கள். விடை 103. பிள்ளை 13 என்று எழுதினால், நடுவில் வர வேண்டிய பூஜ்யத்தை விட்டுவிட்டான். எட்டுப் பேருக்கு 824 ரூபாயைப் பிரித்துக் கொடுக்கும்போது ஆளுக்கு 13 ரூபாய்தான் வருமா என்று கேளுங்கள். அவனே சிரித்துக் கொண்டு திருத்துவான். தவறான விடைதான் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று காட்டும். அதற்காக அடித்தால் அடுத்த முறை மறைப்பான்.

பிறகு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். 'எத்தனையாவது ரேங்க்?' என்று கேட்காதீர்கள். இந்த மூன்றைக் கேளுங்கள்: வாசிப்பிலும் கணக்கிலும் என் பிள்ளை எந்த வகுப்பு நிலையில் இருக்கிறான்? குறிப்பாக எதில் தடுமாறுகிறான்? அடுத்த பருவத்திற்குள் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? சண்டைக்குப் போகிறவராக அல்ல, கூட்டாளியாகப் போங்கள். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் தாய்மார்கள் அந்த நாற்காலியைக் காலியாக விடலாமா?

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் வாசிக்கத் திணறும் தம்பி, தங்கைகள் யாரென்று உங்களுக்குத் தெரியும். மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம், இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

என் மகன் விஷயத்திற்கு வருகிறேன். அன்று முதல் கடை சாத்திய பிறகு தினமும் இருபது நிமிடம் அவனோடு உட்கார்ந்தேன். நாளிதழில் ஒரு சிறு செய்தி, கடைக் கணக்கில் ஒரு கழித்தல். ஒரு வருடம் ஆனது. இப்போது ஈரோட்டுச் சீட்டை அவன்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறான். உருப்படி குறைந்தால் அவனே சொல்கிறான். இழந்த நான்கு வருடத்தை நான் திரும்பப் பெற முடியாது. உங்கள் பிள்ளை 1ஆம் வகுப்பிலோ 2ஆம் வகுப்பிலோ இருந்தால், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அடுத்த முறை அந்த அட்டை உங்கள் முன் வரும்போது, ஒரு ஐந்து நிமிடம் கல்லாவை விட்டு எழுந்திருங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.