பனிமலைக்குப் போகும் தம்பிகளுக்கு

(கடையநல்லூரில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுகிற ஊரில் நின்றுகொண்டு பனிச்சரிவைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். நம் கல்லூரித் தம்பிகள் சிலர் வருகிற ஜனவரியில் உத்தரகாண்டில் கேதார்கந்தா ஏறப் போகிறார்கள். "சரிவு வந்தா என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டேன். "மேல இருந்து வர்றது தெரியும்லா அண்ணாச்சி, ஓடிர வேண்டியதுதான்" என்றார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

ஓட முடியாது. அதோடு, அது பெரும்பாலும் மேலேயிருந்து தானாக வருவதுமில்லை. மலையேறிகளும் பனிச்சறுக்குக்காரர்களும் இறக்கும் சரிவுகளில் பத்துக்கு ஒன்பதைக் கிளப்பிவிட்டது அவர்களோ, கூட வந்தவரோதான்.

சிவில் படித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கடுங்குளிரில் அடிப்பனி சீனி மாதிரி உதிரியாகிவிடும், பிடிப்பே இருக்காது. அதன்மேல் காற்று புதுப்பனியைக் கொண்டுவந்து ஸ்லாப் போட்டதுபோல் இறுக்கி வைக்கிறது. சாய்வு 30 முதல் 45 டிகிரி என்றால், நடுவில் ஓர் ஆள் காலை வைக்கிற பாரமே போதும். அவனுக்கு மேலேயே விரிசல் விட்டு, மொத்தமும் வழுக்கிக்கொண்டு கிளம்பும். பனி கொட்டி ஓய்ந்த முதல் இரண்டு நாள் ரொம்ப மோசம்.

குற்றாலத்தில் தண்ணீர் கலங்கினால் வெளியே வந்துவிட வேண்டும் என்று நமக்குத் தெரியும். பனிக்கும் அடையாளம் உண்டு. பக்கத்துச் சரிவில் புதிதாக விழுந்த தடம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், கீழே 'தொம்' என்று அமுங்கும் சத்தம். இதில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும்.

2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் அருகே மாணாவில் சாலைப் பணியாளர் 54 பேர் சரிவில் சிக்கினர்; 46 பேர் மீட்கப்பட்டனர், 8 பேர் இறந்தனர். சண்டிகரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் முந்தின நாளே எச்சரிக்கை விடுத்திருந்தது. கேதார்கந்தா இருக்கும் உத்தரகாசி மாவட்டத்துக்கும் அவர்கள் அறிவிப்பு தருகிறார்கள். தினமும் பாருங்கள்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தார். அவரும் பிப்ரவரி 11 அன்று போய்விட்டார். அந்த ஆறு நாளை நம்பி யாரும் கிளம்பாதீர்கள். பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு, அரை மணிக்குள் எடுத்தால்கூட மூன்றில் ஒருவர்தான். மீட்புக்குழு வந்துசேர மணிக்கணக்காகும். ஆகவே தோண்டப்போவது கூட நடக்கிறவன்தான். ஒவ்வொருவரிடமும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் ஓரமாக நின்று பார்க்க வேண்டும்.

ஒருமுறை இமாசலத்தில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே எங்கள் வழிகாட்டி நின்றுவிட்டார். "இவ்வளவு காசு கட்டியாச்சே" என்று நான் சண்டையே போட்டேன். அவர் பதில் பேசாமல் இறங்க ஆரம்பித்தார். அந்தச் சரிவு அன்றைக்கு விழவேயில்லை. அவர் செய்தது சரி என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

சாப்பாட்டுக்கு அப்புறம் மைதானத்து மணலில் இரண்டு கருவிகளைப் புதைத்து வைக்கிறேன். தம்பிமார் வந்து தேடிப் பழகுங்கள். கையில் கடிகாரத்தோடு நான் நிற்பேன்.