மெழுகு காக்கும் வெந்நீர்

தலையெல்லாம் சோப்பு நுரை. அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். ஷவரில் பச்சைத்தண்ணீர் குறைந்து, மேலே சுடச்சுட வெந்நீர்!

இதற்குத்தான் தெர்மோஸ்டாட்டிக் வால்வு. மின்சாரம் வேண்டாம். உள்ளே சின்னக் குப்பியில் மெழுகு. சூடு ஏறினால் மெழுகு விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். வெந்நீர் வழி குறுகும், பச்சைத்தண்ணீர் வழி அகலும். ஆறினால் நேர்மாறு. பச்சைத்தண்ணீர் அடியோடு நின்றால் வெந்நீரையும் அடைத்துவிடும். பெரும்பாலும் 38 டிகிரியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால்தான் மேலே திருப்ப முடியும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது பெரிய நிம்மதி.

ஆனால் விலையைக் கேட்கும் முன் அழுத்தத்தைக் கேளுங்கள். 1 பார் கேட்கும் வால்வுக்குத் தொட்டி, ஷவருக்கு மேலே சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏது அவ்வளவு உயரம்? குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்ததை வாங்குங்கள்; இல்லையேல் பம்ப்தான்.

பொதுவாக வெந்நீர் இடப்பக்கம். பிளம்பர் மாற்றிக் கொடுத்தால் வால்வு சொன்னபடி கேட்காது. மாட்டுமுன் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குழாயிலுள்ள மணலை வெளியேற்றச் சொல்லுங்கள்.

போர்வெல் தண்ணீரென்றால் உப்பு படியும். அவ்வப்போது பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கழற்றுமுன் சாக்கடை வாயில் ஒரு துணியைப் போடுங்கள். திருகாணி உள்ளே போனால் கடை கடையாக அலைய வேண்டும்.